டம்ளரில் ஊற்றிய காற்று

9 மார்ச் 2006, வியாழன்

பள்ளியில் பெருக்கிக்கொண்டிருந்தேன். அறிவியல் டீச்சர் டம்ளரில் சோடா மாவும் வினிகரும் கலந்து, நுரை அடங்கியதும் எரிகிற மெழுகுவத்திமேல் மெல்லச் சாய்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. சுடர் மட்டும் அணைந்தது.

"இன்னா டீச்சர், காத்தைக்கூடவா ஊத்துவீங்க?" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இது கரியமில வாயு, காத்தைவிட கனம், ஆயாம்மா. பாழுங்கிணத்துல அடியில தங்கிடும். இறங்கினா மூச்சு நின்னுடும்."

அதோடு என் சிரிப்பு போய்விட்டது. நாளைக் காலை என் வீட்டுக்காரர் பம்மலில் மூடிக் கிடந்த கிணற்றில் தூர் வார இறங்குகிறார்.

"கெணத்துல மொதல்ல வெளக்க வுட்டுப் பாத்துட்டு எறங்குய்யா" என்றேன், ராத்திரி அவர் படுக்கும்போது.

"நீ பெருக்கப் போனியா, படிக்கப் போனியா?" என்று கேலி செய்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

அவர் கிணற்றில் இறங்குகிற கயிற்றை எடுத்து என் தலைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆனால் வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரியிடமும் ஒரு கயிறு இருக்கும்.