பதினேழாம் ஒலிப்பதிவு

மார்ச் 4

மொழி வரலாற்றுச் சொற்பொழிவு, இந்த மாதத்துக்கானது. பேச்சு முக்கால் மணி நேரம், பேச்சாளரைப் புகழ்ந்தது ஒரு மணி நேரம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் மொழியைக் கெடுத்துவிட்டார்கள்' என்று முடித்தார். ஒரே கைதட்டல். மாறாத மொழி செத்த மொழி என்று வகுப்பில் நடத்துகிறவர்கள்தான் தட்டினார்கள். வழக்கம்போல நன்றியுரை நான். தற்காலிக விரிவுரையாளருக்கு வேறென்ன கொடுப்பார்கள்? வாய் கூசாமல் புகழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன்.

மார்ச் 9

துறைத்தலைவர் என் ஒலிப்பதிவுகளைக் கேட்டார். "சும்மா ஒரு தடவை கேட்டுட்டுத் தரேம்மா." மூன்று வருட உழைப்பு. மாமியார், நாத்தனார், நாத்தனார் மகள் — ஒரே வீட்டுக்குள் மூன்று தலைமுறையில் பேச்சு எப்படி மாறுகிறது என்பது. யார் குரல் என்று எழுதக்கூடாது என்பது ஆய்வு ஒழுங்கு. பதிவுகளுக்கு எண் மட்டும்தான். அவரும் யாரென்று கேட்கவில்லை. ஜூனில் நிரந்தர வேலைக்கு நேர்காணல். அதில் காட்ட என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். கொடுத்துவிட்டேன்.

மார்ச் 27

அடுத்த சொற்பொழிவின் அழைப்பிதழ். 'ஒரே வீடு, மூன்று தலைமுறை: பேச்சு மாறும் விதம்.' என் தலைப்பு! பேச்சாளர்: துறைத்தலைவர். நன்றியுரை: நான்.

சீ.

மார்ச் 28

நேரே போய்க் கேட்டேன். "உன்னுது என்னுதுன்னு என்னம்மா, எல்லாம் துறையோட ஆய்வுதானே" என்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றார். ஊறிய துண்டு மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நேர்காணல் குழுவுல நானும் இருக்கேன், ஞாபகம் வச்சுக்கோ." என்ன துணிச்சல் இந்த மனுஷனுக்கு!

கணவரிடம் சொன்னால், "முதல்ல வேலை வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். இன்று இவர் முகத்தைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

மார்ச் 30

மாமியார் காதுக்கு விஷயம் போய்விட்டது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். "என் குரலைப் போடப் போறாங்களா? அப்போ நான் வரேன்."

"வேணாம் அத்தை. எனக்கே போகப் பிடிக்கல."

"நீ பிடிக்காமப் போ. நான் பிடிச்சு வரேன்."

ஏப்ரல் 2

இன்று அந்தச் சொற்பொழிவு.

மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினேழாம் பதிவு ஒலித்தது. துணி தைக்கக் கொடுத்தவளிடம் மாமியார் எகிறியது: "முந்தாநேத்து குடுத்துட்டு இன்னைக்கே கேட்டா? எனக்கென்ன பத்து கையா இருக்கு?" இதைத் தலைவர் 'மறைந்துவரும் ஒரு வாழ்வின் துயரக் குரல்' என்றார். கண்ணாடியைக் கழற்றினார். குரல் தழுதழுத்தது. "நான் வீடு வீடாக அலைந்து பதிவு செய்த இந்தத் தாய் இன்று நம்மிடையே இல்லை. போன வருடம் காலமாகிவிட்டார்."

எங்கள் துறையில் இது பழைய தந்திரம். பேசிக் கொடுத்தவர் செத்துவிட்டார் என்றால் யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு நிமிட மௌனம் வேறு கேட்டார்! எல்லோரும் எழுந்தோம். மாமியார் மட்டும் எழவில்லை.

"ஏங்க, நான் எப்பங்க செத்தேன்?"

சற்றுமுன் ஒலிபெருக்கியில் கேட்ட அதே குரல். பின்வரிசையில் யாரோ குபீரென்று சிரிக்க, அரங்கமே சேர்ந்து சிரித்தது. "மூணு வருஷமா மைக்கை மூஞ்சிக்கு நேரா நீட்டினது என் மருமக. உங்களை நான் பார்த்ததே இல்லையே?" தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நன்றியுரைக்கு மேடை ஏறினேன். 'என் மாமியாருக்கு நன்றி' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஏப்ரல் 3

ஒன்றுமே நடக்கவில்லை! 'உரையில் சிறு தகவல் பிழை' என்று ஒரு சுற்றறிக்கை, அவ்வளவுதான். நேற்று வயிறு வலிக்கச் சிரித்தவர்களே இன்று அவருக்குக் கதவைத் திறந்து பிடிக்கிறார்கள். தூ! இவர்களும் மனிதர்களா? குழுவில் அவர் இருக்கத்தான் போகிறார். எனக்கு வேலை கிடைத்த மாதிரிதான்.

ஏப்ரல் 19

"செத்தவளுக்குக் காப்பி உண்டா?" — மாமியார், தினமும்.

ஜூன் 11

நேர்காணல். தலைவர் இருந்தார். பக்கத்தில், வெளியிலிருந்து வந்த பேராசிரியை. என் ஆய்வேட்டை அவர் திறக்கவே இல்லை. போச்சு என்று நினைத்தேன்.

"உங்க மாமியார் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க, மேடம்."

"ரொம்ப சந்தோஷம். அப்போ அன்னைக்கு அரங்கத்துல நானும் கேட்ட அந்தப் பதினேழாம் பதிவிலேருந்து ஆரம்பிங்க."

தலைவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்தேன்.