மழைக்கு மறுநாள் எடுத்த தண்ணீர்

அன்புள்ள அக்கா,

மாவட்டத்தை மறுபடியும் பிரித்துவிட்டார்கள். அரியலூருக்குப் போகவேண்டிய ஆபீஸ் சாமான்களைக் கட்டும்போது பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் உருண்டு வந்தது. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் உங்கள் குண்டுகுண்டு எழுத்தில் 'மழைக்கு மறுநாள்' என்று இருந்தது.

மருதையாற்றுத் தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்க்க, மாதத்தின் முதல் திங்கள்கிழமை நாம் இருவரும் போவோம். நான் கரையில் நின்று படிவம் நிரப்புவேன். தினக்கூலியான நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கி பாட்டிலை முக்குவீர்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் கடைசிவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டீர்கள். ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் குடிக்கும் ஊர் உங்களுடையது. மருந்து இருப்பதாகத் திருச்சி ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தால் ஊருக்குக் குழாய் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஐப்பசியில் பருத்திக்கு மருந்தடித்த கையோடு மழை கொட்டியது. மறுநாள் காலையில், ஈரச் சாக்கில் ஐஸ்கட்டியோடு பாட்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள்.

"மேடம், கெண்டை கெளுத்தியெல்லாம் வவுத்தக் காட்டிக்கிட்டு மெதக்குதுங்க. இத அனுப்பிப் பாருங்க."

"இன்னிக்கு வியாழக்கிழமைக்கா. மொத திங்கக்கிழமை எடுத்தாத்தான் ஏத்துக்குவாங்க. ஊத்திருங்க."

"அதுவரைக்கும் மருந்து ஆத்துல நிக்குமா மேடம்?"

நான் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். திட்டு வாங்கப் பயம், வேறொன்றுமில்லை. நீங்கள் வாசலில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவி என் மேசைமேல் வைத்தீர்கள். "அடுத்த தடவைக்கு ஆவுமுங்க."

முதல் திங்களன்று ஆறு தெளிந்து ஓடியது. 'மருந்து ஏதும் இல்லை' என்று வந்த முடிவை உங்கள் ஊர்க் கூட்டத்தில் நானே வாசித்தேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டீர்கள். குழாய் வரவில்லை. ஊர் இன்றும் அதே ஊற்றில்தான் குடிக்கிறது. போன வைகாசியில் வயிற்று நோவென்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. எதனால் என்று யாரும் சோதிக்கவில்லை. தெரிந்துகொள்ள எனக்கும் தைரியமில்லை, அக்கா.

வெளியே காலையிலிருந்து மழை. பருத்திக்கு இந்த வாரம்தான் மருந்தடித்தார்கள். இன்று புதன்கிழமை, திங்களுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. பாட்டிலைச் சாமான் பட்டியலில் சேர்க்காமல் என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் கழுவி வைத்தபடியே காலியாக இருக்கிறது.