இளவரசியால் வந்த சிரிப்பு

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா,

உங்கள் கால்வீக்கம் வற்றிவிட்டதா? குவைத்தில் நான் சுகம்.

"அலுப்பா இருந்தா இத வாசிங்க ராத்தா" என்று நான் புறப்படும்போது தங்கச்சி ஸுஹைறா தந்த சரித்திர நாவலைக் குசினியில் சமையலுக்கு நடுவே வாசித்தேன். காதலைச் சொல்லத் தளபதி வாளோடு வந்து மண்டியிடுகிறான். "முதலில் அதை உறையில் போடும். பதில் சொல்ல எனக்குத் தலை வேண்டும்" என்கிறாள் இளவரசி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நான் வேலைசெய்யும் வீட்டு மேடம் பயந்து ஓடிவந்து, புத்தகத்தை வாங்கிப் பூட்டிவிட்டார். பெரிய விஷயமில்லை உம்மா. இந்த வீட்டில் என் சிரிப்புச் சத்தத்தை அன்றுதான் நானே கேட்டேன்.

ஊர் நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்கும். வெள்ளிக்கிழமை போன் தருவார்கள். ஸுஹைறா அதை எடுத்துவந்து மிச்சத்தைப் போனில் வாசித்துக் காட்டட்டும். நீங்களும் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சிரியுங்கள்.

மேடம் கூப்பிடுகிறார். துஆச் செய்யுங்கள்.

மகள் றிப்னா