திங்கட்கிழமை வரை

விளாங்குடி,
14.11.2024, வியாழன்

அன்புள்ள ஜூடு,

ஒரு வீட்டை இடிக்கச் சட்டம் உனக்கு அதிகாரம் கொடுத்தால், எந்தக் கிழமை இடிப்பது என்பதும் அதில் அடங்கிவிடுமா? எனக்கு விடை தெரியவில்லை. நீ போனை எடுக்காததால் உன் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இட்லிக்கடை வைத்திருக்கும் அன்னக்கொடி காலையில் வந்தாள். அவள் வீடு வாய்க்கால் புறம்போக்கில்தான் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. தடை கேட்டு அவள் போட்ட மனு திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. நீயோ கோர்ட் இல்லாத சனிக்கிழமையைக் குறித்திருக்கிறாய்.

"டீச்சர், தாசில்தாரு உங்க தம்பிதான? திங்கக்கெழம வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க, அம்புட்டுத்தான். ஜட்ஜு முடியாதுன்னுட்டா நானே ஓட்டப் பிரிச்சுட்டுப் போறேன்" என்றாள்.

இரண்டு நாள்தான் கேட்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா ஆன்சி

மதுரை,
15.11.2024, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

போன மழையில் உன் ஹாலுக்குள் தண்ணீர் வந்தபோது, "வாய்க்கால அடைச்சு வச்சிருக்காங்க, இந்த ஊருல தாசில்தார்னு ஒருத்தன் இருக்கானா?" என்று என்னிடமே கேட்டது நீதான்.

அன்னக்கொடிக்கு மூன்று நோட்டீஸ் கொடுத்தாயிற்று. மாற்று வீடும் ஒதுக்கியாயிற்று. தூரம் என்று அவர்தான் போகவில்லை. அதே வாய்க்கால்மேல் கல்யாண மண்டபம் கட்டியவரும் வக்கீலோடு வருவார். அவருக்கும் ஒரு திங்கட்கிழமை இருக்கும். ஆளைப் பார்த்துத் தள்ளிப்போடுவதுதான் நியாயமா? சனிக்கிழமை இடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

கதவு, ஜன்னலைக் கழற்றிக்கொள்ள இன்று மாலை வரை நேரம் கொடுத்திருக்கிறேன். அது சட்டம் சொல்லிச் செய்ததல்ல.

என்றும் உன்,
ஜூடு

விளாங்குடி,
20.11.2024, புதன்

ஜூடு,

சனிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். மண்டபம் இன்னும் நிற்கிறது. அதற்கும் உன்னிடம் ஒரு சட்டம் இருக்கும்.

திங்கட்கிழமை அன்னக்கொடிக்குத் தடை கிடைத்தது. இடம் இப்போது இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதை அவள் என்னிடம் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடிந்த சுவர்களுக்கு நடுவே அவள் நாலு கம்பு ஊன்றித் தார்ப்பாய் கட்டினாள். உன் ஆபீஸ் ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"இருக்குற நெலைய மாத்தக் கூடாதுக்கா. கோர்ட் ஆர்டரு."

"அது நான் வாங்குன ஆர்டருய்யா."

"அதத்தான்க்கா நாங்களும் சொல்றோம்."

கம்புகளைப் பிடுங்கினார்கள். தார்ப்பாயை ஒழுங்காக மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மழை வந்தது.

ஆன்சி