நாகக்களத்தில் வந்த வாக்கு

தங்கை மகள் புது மாப்பிள்ளையோடு திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். ஆரத்தி கரைக்க உட்கார்ந்தேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்து தட்டு சிவந்ததும் அந்த வாடையில், தோழி, உன் வீட்டு முற்றம் கண்முன்னே வந்து நின்றுவிட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்திருக்கிறேன். பாவம், மாப்பிள்ளைப் பையன் வாசல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தான்.

மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில் எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் இடிந்த மதில். அதற்கு மேற்கே உன் குடும்பத்துத் தறவாட்டு வீடும், நாகங்களுக்கென்று விட்ட பாம்புக்காவும். அந்த மதில் இடிந்திருந்ததற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். உன் தமிழைக் கேட்டு என் அம்மா சிரிப்பாள், என் மலையாளத்தைக் கேட்டு உன் வீடே சிரிக்கும். நாம் இருவரும் சிரிக்காமல் பேசிக்கொண்டோம்.

"ரெண்டெழுத்து தெரிஞ்சாச்சு, போறும்" என்று அப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்தத் தீர்மானித்த மாதத்தில்தான் உன் வீட்டில் நாகங்களைக் கும்பிடும் பாம்புதுள்ளல் வைத்தார்கள். மதிலோரம் நின்று அழுதேன். உனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "கரஞ்சது மதி, அழுதது போதும். வந்து களம் பாரு" என்றாய்.

தரையில் பொடியால் களம் எழுதும் புள்ளுவர் காலையிலேயே தொடங்கிவிட்டார். அரிசிமாவு வெள்ளை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்த சிவப்பு, இலைப்பொடிப் பச்சை, உமிக்கரியின் கறுப்பு. விரலிடுக்கில் பொடி ஒழுக ஒழுக இரண்டு நாகங்கள் ஒன்றையொன்று பின்னி வளர்ந்தன. ஓட்டை போட்ட சிரட்டையைத் தட்டித் தட்டி உடம்பெல்லாம் புள்ளி வைத்தார். எங்கள் வாசலில் நான் போடும் சிக்குக்கோலம் மாதிரியே இருக்கிறதே என்றேன். "உங்க கோலத்துக்கு ரெண்டு கண்ணு வெச்சா பாம்பாயிடும்" என்று நீ சொன்னாய்.

அதை விளையாட்டாகச் சொன்னாய். எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. கோலம் போடுகிறவளும் களம் எழுதுகிறவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார்கள். கோடு மட்டும் ஒரே மாதிரி வளைகிறது. கோயில் மதில் எழும்புவதற்கு முன்பே, எழுத்து என்று ஒன்று வருவதற்கும் முன்பே, பெருக்கிய தரையில் யாரோ மாவைக் கிள்ளிக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். வகுப்பில் சித்திரப் பாடத்தை நான் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

விளக்கு வைத்ததும் அவர் மனைவி புள்ளுவத்தி, குடத்தில் கட்டிய நரம்பைத் தட்டிப் பாடினாள். நாகம் இறங்குவதற்காகக் கமுகம் பூக்குலையோடு களத்தில் உட்கார்ந்திருந்த நீ ஆடத் தொடங்கினாய். கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. காலை முதல் எழுதிய நாகங்களை உன் முழங்காலும் பூக்குலையும் அழித்தன. நான் ஐயோ என்றேன். புள்ளுவர் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அம்மாவன், அதாவது தாய்மாமா, கைகூப்பி, "திருப்தியாயோ?" என்று கேட்டார். வழக்கமாக விளக்கு வைக்காத குறை, பால் ஊற்றாத குறை என்றுதான் வாக்கு வருமாம். நீ கண்ணைத் திறக்காமல், "கிழக்கே வீட்டுப் பெண்குட்டிக்குப் படிப்பை முடக்கண்டா. முடக்கினா எனக்குப் பொறுக்காது" என்றாய்.

மதிலோரம் நின்ற என் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. முந்தைய வாரம்தான் எங்கள் கிணற்றடியில் நல்லபாம்பு ஒன்று படமெடுத்திருந்தது. புள்ளுவர் கொடுத்த களப்பொடியை அப்பா தாமே என் நெற்றியில் இட்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் போ" என்றார். அம்மாதான், "பாம்புக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியலையே" என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

வெகு வருஷம் கழித்து, நான் வாத்தியாரம்மா ஆன பிறகு, கேட்டே விட்டேன்: "அன்னிக்குப் பேசினது நீயா, நாகமா?" நீ வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் ஓர்மையில்லை கேட்டோ" என்று மறந்துபோனவள் மாதிரி சொன்னாய். உன் முகத்திலிருந்து எதையும் பிடுங்க முடியாது. நானும் விட்டுவிட்டேன். நன்றியை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லி வருகிறேன்.

ஒன்றுதான் ஆறவில்லை. உன் படிப்பை அதே அம்மாவன் அதற்கு முந்தைய வருஷமே நிறுத்தியிருந்தார். அன்று அவர் உன் முன்னால் கைகூப்பி நின்றார். என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார். நீ எனக்காகக் கேட்டாய்.

போன மாசியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போதும் வருஷத்துக்கு ஒருத்தியாவது வகுப்பிலிருந்து நின்றுவிடுகிறாள். அவள் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் பேசுகிறேன். எனக்கு நாகம் இறங்குவதில்லை, வெறும் வாயால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் சம்மதிக்கிறார்கள். சிலர் மோர் கொடுத்து அனுப்பப் பார்க்கிறார்கள். உனக்காக அன்று ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போது நினைவுக்கு வரும். எழுந்து வராமல் இன்னொரு தடவை கேட்கிறேன்.