மூடாத தொப்புள்

2024 ஏப்ரல் 22, திங்கள்

என் வீட்டில் ஒரு தவறு நடந்தது. பிறந்து சில நாள்கூட ஆகாத சுறாக்குட்டிகளைப் பிடித்து, பிள்ளை பெற்ற என் மகள் ஷர்லிக்குப் புட்டாக்கிக் கொடுத்தார்கள். பிடித்து வந்தவன் என் மகன் ஆரோக்கியதாஸ்.

தாய்ப்பால் ஊறப் பால்சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அடுப்பங்கரையில் ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். முன்துடுப்புகளுக்கு நடுவே தொப்புள், கீறல் போல, மூடாமல். பால்சுறா தாய் வயிற்றில் கொடியோடு வளர்ந்து பிறக்கிற மீன். தொட்டிலில் கிடக்கும் என் பேரனுக்கும் கொடி இன்னும் விழவில்லை.

“அது குட்டியில்லப்பா. சின்னச் சாதி. அம்புட்டுத்தான் வளரும்” என்றான் மகன்.

ஏப்ரல் 23

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஷர்லி புட்டைத் தொடவில்லை. என் மனைவி சந்தனமேரிக்குக் கோபம். “பிள்ளைக்குப் பால் பத்தலன்னா நீங்க குடுப்பீங்களா?” என்கிறாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பூசை முடிந்து ஊர்க்கூட்டம். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கின்றன. நம் நாட்டுப்படகுகள் எல்லாம் முகத்துவாரத்தில், ஆழமில்லாத மேட்டுக்கடலில் வலை போடுகின்றன. சுறா குட்டி போட வருகிற இடமே அதுதான், ஆடி வரை அங்கே போடாதீர்கள் என்றேன்.

“பெரியவர் மீனுக்கும் பிரசவம் பாக்கப் போறாருங்க” என்றான் படகுக்கார உடையப்பன். சிரிப்பு.

ஆரோக்கியதாஸ் முழங்கை நீளச் சுறா ஒன்றை எடுத்து வந்து என் முன் போட்டான். “இது குட்டியா? சொல்லுங்க.”

குட்டிதான் என்றேன்.

வயிற்றைக் கீறினான். உள்ளே விரல் நீளக் குட்டிகள், வரிசையாக. பெற இருந்த தாய் அது! ஊரே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. கீறிய வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஏப்ரல் 29

கூட்டத்தில் தோற்றேன். வழக்கில் தோற்கவில்லை.

மே 2, வியாழன்

மகனின் ஐஸ் பெட்டியைக் கிளறினேன். இரண்டு சாதியும் கலந்து கிடக்கிறது. அன்று கீறிய சாதிக்கு மண்வெட்டி போலத் தட்டை மூக்கு. அது சின்னச் சாதிதான், வளர்ந்து முடிந்தது, தொப்புள் தழும்பே இல்லை. மற்றவை பால்சுறா. தொப்புள் திறந்திருக்கிறது. ஆணுக்கு வயிற்றடியில் இருக்கும், இணை சேர்வதற்கான இரண்டு குச்சியும் மெத்தென்று, முற்றாமல். ஆக, நீளத்தைப் பார்த்துச் சொன்னது பிசகு. தொப்புளைப் பார்த்துச் சொன்னது பிசகில்லை.

மகனைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டின் வயிற்றையும் விரலால் தடவிப் பார்த்தான்.

“ஐஸ் உருகுதுப்பா. மூடுங்க” என்றான்.

மே 6, திங்கள்

உடையப்பன் வழியில் நிறுத்திச் சொன்னான்: “ஒங்க மகன் நாலு நாளா அங்கிட்டு ஆழத்துக்குப் போறாரு. இங்கிட்டு வலையே போடல. என்னத்த ஓதி விட்டீங்க?”

அடுப்பங்கரையில் பெரிய பால்சுறா ஒன்று கிடந்தது. ஆண். முற்றியது. வயிறு மேலே தெரிய, மல்லாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் மகன்.

ஷர்லி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இனி ஆக வேண்டியவை. சந்தனமேரி, எந்தச் சுறா வந்தாலும் அறுக்குமுன் புரட்டிப் பார்க்க வேண்டும். ஆரோக்கியதாஸ், ஆடி வரை மேட்டுக்கடலுக்குத் திரும்பக் கூடாது. உடையப்பனும் மற்ற படகுக்காரர்களும் வலையை ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான், வரும் ஞாயிறு மறுபடி எழுந்து பேச வேண்டும். தட்டை மூக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு. சிரித்தாலும் உட்காரக் கூடாது.