திரையில் விரிந்த மூச்சு

இன்று காலை தேனாம்பேட்டையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடையருகே நின்றேன். ரப்பர் பசையின் வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் ஒரு கோடை முழுக்க என் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் அந்தப் பசையைக் கையெல்லாம் அப்பிக்கொண்டு, முக்குளிக்கும் உடையைத் தண்ணீர் புகாமல் ஒட்டிக்கொண்டிருந்தாய்.

நீ திருவான்மியூர் குப்பத்துக்காரன். கடல் உயிரினங்களை ஆராயும் மாணவன். நான் மயிலாப்பூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்த்தவன். கல்லூரிச் சிநேகம். உன் சித்தப்பா கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்ட முங்கப் போய், ரத்தமாக இருமிக்கொண்டு மேலே வந்தவர். பிறகு அவர் கடலில் இறங்கவேயில்லை.

"டால்பின் எவ்ளோ ஆழம் போவுது மச்சி. நெஞ்சு அப்டியே சுருங்கிடுது, அதுக்கு ஒண்ணும் ஆவறதில்ல. சித்தப்பாவுக்கு மட்டும் ஏன் ஆச்சு?" என்று கேட்டாய்.

அதைப் பார்க்கத்தான் நாம் ஒரு பெல்ட் செய்தோம். மார்பைச் சுற்றி உலோகப் பொட்டுகள். அவற்றின் வழியே உடல் உணராத அளவுக்கு மின்சாரம். காற்று நிறைந்த இடத்தில் அது எளிதில் பாயாது. அந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் படமாக்கும். அதை உடைக்குள் கட்டிக்கொண்டு நீ நீச்சல்குளத்தில் இறங்கினாய். நீர் கசிந்து படம் பலமுறை குழம்பியது. கசிவு நின்ற நாளில், பாதி மூச்சை விட்டுவிட்டு அடியாழத்துக்குப் போனாய். திரையில் உன் நுரையீரல்கள் சிறுத்துக்கொண்டே போயின. நீ மேலே வந்து மூச்சை இழுத்தபோது இரண்டும் மளமளவென்று விரிந்தன.

"இன்னா, தெரிஞ்சிச்சா?" என்றாய். திரையை உன் பக்கம் திருப்பினேன்.

அடுத்த மாதம் உன் அம்மா போன் செய்தார். "கரையில டால்பின் ஒண்ணு ஒதுங்கிக்கீது. உசுரோடதான் கீது, சீக்கிரம் வாங்க." கருவியையும் பேட்டரியையும் மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். குப்பத்து ஆட்கள் ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெல்ட் எட்டவில்லை, இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினோம். மங்கலாகத்தான் என்றாலும் படம் வந்தது. உன் ஆராய்ச்சியே அந்தப் படத்துக்காகத்தான். நீயோ முகம் மாறித் திரையையே பார்த்தாய்.

"மேலதான்டா விரியுது. அடியில காத்தே போவல. தண்ணில மெதக்கற ஒடம்பு, மண்ணுல அதோட வெயிட்டே அத்த அமுக்குது."

"இன்னும் கொஞ்சம் பதிவாகட்டும்டா. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வராது."

"வேணாம் மச்சி. செத்துடும்." சொல்லிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றிவிட்டாய். வலையில் ஏந்தி, அலை உடையும் இடம் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒரு முறை சீறி மூச்சு விட்டு, முங்கிப் போனது. அந்த வாரம் முழுக்கக் கரை நெடுக நடந்து பார்த்தாய். எதுவும் ஒதுங்கவில்லை.

உன் கேள்விக்கு முழு விடை கிடைப்பதற்குள் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த விடையை இப்போது வேறு பிள்ளைகள் வேறு கடல்களில் தேடுகிறார்கள். நம்முடையதைவிட நல்ல கருவிகளோடு. நான் குறைமாதக் குழந்தைகளுக்கான பெல்ட் செய்கிறேன், உள்ளங்கை அகலத்தில். குழந்தை திணறினால் படம் பாதியில் நின்றாலும் சரி, முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொல்கிறேன். அது நீ கொடுத்த பழக்கம்.

போன வாரம் ஒரு குழந்தைக்கு இடப்பக்கம் சரியாக விரியவில்லை என்று திரையில் தெரிந்தது. டாக்டர் அதைத் திருப்பிப் படுக்கவைத்தார். மெல்ல அந்தப் பக்கமும் விரியத் தொடங்கியது.

"இதான் மூச்சா சார்?" என்று அதன் தாய் கேட்டாள்.

"ஆமாம்மா. பாருங்க, ரெண்டு பக்கமும் வருது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.